புரட்டாசிக்கு முப்பத்தொரு நாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். சென்னையில் நேர்முகத் தேர்வு முடிந்து வெளியே வரும்போது வரவேற்பில் இருந்த பெண் சொன்னது. அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் போன் குளியலறை ஜன்னல் கட்டையில் இருக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம், கல்லூரி என்று போனவன் நான் ஒருவன்தான். வேலை கிடைக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டார்கள். சென்னையில் சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று அம்மா கவலைப்படவே தொடங்கிவிட்டாள். அதுதான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அக்காவின் வீட்டுக்காரர் ஆட்டோவை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பின்சீட்டில் இரண்டு தூண்டில்கள், ஒரு பெயிண்ட் பக்கெட், கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு புழு.

“ஏறு மச்சான். புரட்டாசி நேத்தோட முடிஞ்சுது. ஒரு மாசமா சாம்பாரையே ஊத்திக் கொல்றா உங்கக்கா.”

“எனக்கு போன் வரும் மாமா.”

“ஏரிக்கு போன் வராதா? அது இன்னா பாதாளத்துலயா கீது?”

உண்மையில் வராது. அடி அண்ணாமலையைத் தாண்டி இருக்கும் அந்த ஏரியில் மதகின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

மழையில் ஏரி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைச்சரிவில் உட்கார்ந்தவர்தான், அசையவில்லை. நான் தூண்டிலைப் போடுவேன், கொஞ்ச நேரம் தக்கையைப் பார்ப்பேன், எழுந்து மதகுக்கு நடப்பேன். ஒன்றும் வந்திருக்காது. திரும்பி வரும்போது என் காலடியில் மண் சரிந்து தண்ணீரில் விழும்.

“நீ நடக்கிற நடைக்கு மீனெல்லாம் செங்கம் போய்ச் சேர்ந்துடும். ஒக்காருடா.”

“மணி ரெண்டாவுது மாமா.”

“ஆவட்டும். அது இன்னா பண்ணும், பாவம்.”

ஒருமுறை நான் மதகின் மேல் நின்றிருந்தபோது என் தக்கை முழுகியது. மாமாதான் பாய்ந்து இழுத்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். நான் ஓடி வந்தேன்.

“வராத, வராத! அங்கயே நில்லு. நீ இல்லாதப்பதான் மாட்டுது!”

விராலைப் பக்கெட் தண்ணீரில் விட்டுவிட்டு, அதற்கு முன் பிடித்த ஜிலேபி மீன் ஒன்றை அரிந்து கழுவினார். மிளகாய்த்தூளும் உப்பும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். சுள்ளி பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

“நீயே கூப்ட்டுக் கேட்டா இன்னா?”

“அவங்கதான் கூப்பிடுவாங்க மாமா. நாம கூப்ட்டா மரியாதையா இருக்காது.”

“இது இன்னா பொண்ணு பாத்துட்டுப் போன எடமா, நாம வாயத் தொறக்கக் கூடாதுன்னு?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீன் வெந்து வாசம் வரும் நேரத்தில், நான்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பாய் கரைமேல் வந்தார். டவுனில் கறிக்கடை வைத்திருப்பவர், மாமாவுக்குப் பழக்கம். தொழுகை முடித்த வெள்ளைத் தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

“இன்னாபா, நாளைக்குத் திங்க வேண்டியத இன்னிக்கே சுட்டுட்ட?”

“புரட்டாசி முடிஞ்சுது பாய். முப்பது நாள் எண்ணிட்டேன்.”

“இந்த வருஷம் முப்பத்தொண்ணு. உனக்குத் தெரியாம போவும், எனக்குத் தெரியாம போவுமா? ஒரு மாசமா கடையில ஈ ஓட்டிட்டுக் கீறேன். நாளைக்குத்தான் ஐப்பசி. நாளைக்கு அறுக்கத்தான் இதுங்கள வாங்கியாறேன்.”

வாய்க்குக் கொண்டுபோன துண்டு மாமாவின் கையிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்? என் போனில் தமிழ்த் தேதி கிடையாது. அவர் மெல்ல அந்த மீனை பாயிடம் நீட்டினார். பாய் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து முள் முள்ளாக எடுத்துப்போட்டுச் சாப்பிட்டார்.

“உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

மாமா எச்சில் விழுங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. இனி அந்த ஆபீசைப் பூட்டிவிடுவார்கள். நான் மதகுக்கு ஓடினேன். மீன் நாற்றமடிக்கும் கையால் அந்த எண்ணை நானே அழுத்தினேன். ஆங்கிலத்தில் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அதே பெண்தான் எடுத்தாள். பெயரைச் சொன்னதும் தமிழிலேயே பதில் வந்தது.

“இன்னும் முடிவு பண்ணலைங்க. சார் ஊருக்குப் போயிட்டாரு. தீபாவளி கழிச்சுதான் சொல்வாங்க.”

கரைக்கு வந்தேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தீபாவளி கழிச்சாம்.”

மாமா பக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒனக்கும் முப்பத்தொண்ணுதானா மச்சான்?”

பாய் சிரித்ததில் ஆடுகள் மிரண்டன.

பக்கெட்டைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் அக்கா வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் தண்ணீர் தளும்பி என் பேன்ட்டை நனைத்தது. அக்கா வாசலிலேயே தடுத்தாள். “ரெண்டு பேருக்கும் அறிவு கீதா? உள்ள கொண்டாராதீங்க.” பக்கெட் பின்பக்கம் துணி துவைக்கும் கல் அருகே போனது. அவள் ஒரு தட்டை மேலே கவிழ்த்துச் செங்கல் வைத்தாள்.

விரால் தட்டை முட்டிக்கொண்டே இருந்தது. போன் வராது என்று தெரிந்த பிறகும் நான் போனை எடுத்துப் பார்த்தேன். எழுந்து போய்ச் செங்கல்லை நகர்த்தி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்தவன் மறுபடியும் எழுந்தேன்.