கொழுந்தன் எடுத்த டோக்கன்

அண்ணனுக்குக் கப்பல் வேலை. அதனால் ஆறு மாத வயிற்றோடு இருந்த அண்ணியை கிளினிக்குக்குக் கூட்டிப் போவது என் தலையில் விழுந்தது. அண்ணி பர்மாவின் தெற்கே கடலோரத்து ஊர்க்காரி. எங்கள் வீட்டுக்கு வந்துதான் தமிழ் பேசப் பழகினார். கொழுந்தன் அண்ணியைக் கேலி செய்வது எங்களில் வழக்கம். நான் ஒரு நாளும் விட்டதில்லை.

எங்கள் பேட்டையான க்யிம்யிண்டைங்கில் முதல் கிளினிக். அண்ணி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து இன்னும் இரண்டு நர்சுகளைக் கூட்டிக்கொண்டு போனாள். உடனே அண்ணி வெளியே வந்துவிட்டார்.

"என்னண்ணி, ஊசியப் பாத்து ஓடியாந்துட்டீங்களா?"

அதன்பின் எந்த கிளினிக்குக்கும் வர மறுத்தார். நான் ஒரு வாரம் ஊசி ஊசி என்று சீண்டினேன். ஒருநாள் புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"சின்னப் புள்ளையில எங்க ஊர்ல எனக்குக் கீழ அறுத்துட்டாங்க தம்பி. அத வேடிக்கை பாக்கத்தான் அந்த நர்சு ஆள் கூப்பிட்டா. மூத்திரம் போனா எரியுது. புள்ள எப்படி வெளிய வரும்னு பயமாருக்கு. இப்ப சிரிங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்வது தெரியும். பெண்ணுக்கு எதை அறுப்பார்கள்? எதற்கு? ஏழாவதோடு நின்றவன் நான். தமிழிலும் பர்மியத்திலும் அதற்கு வார்த்தை தெரியாது.

மறுநாள் லான்மடா பேட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். டோக்கனுக்குப் பெயர் கேட்டார்கள். அண்ணி பெயரைச் சொல்ல மனம் வராமல் என் பெயரைக் கொடுத்தேன். கூப்பிட்டதும் வரிசையிலிருந்த கர்ப்பிணிகள் எல்லாரும் சிரித்தார்கள்.

"தம்பிக்கு எத்தனை மாசம்?" என்றார் டாக்டர், பர்மியத்தில்.

"ஆறு, சயாமா" என்றேன்; டாக்டரம்மாவை பர்மியத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கண்ணிக்கு... சின்னதுல கீழ அறுத்திருக்காங்க. எரியுதாம். நீங்க பாக்கறப்ப யாரையும் கூப்பிடாதீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எரிச்சலுக்கு மருந்து இருக்கு. பிரசவத்துக்கும் முன்னாடியே பாத்து வெச்சா நல்லது. கதவ சாத்திட்டு நான் மட்டுந்தான் பாப்பேன். அவங்க சரின்னாத்தான் தொடுவேன்."

அதை அப்படியே அண்ணியிடம் ஒப்பித்தேன். இதிலும் கேலி இருக்குமோ என்று என் முகத்தையே பார்த்தார்.

"நெசமாவா தம்பி?"

"சாமி சத்தியமாண்ணி."

சனிக்கிழமை வந்தார். கதவு சாத்தியது சாத்தியபடி அரைமணி நேரம். வெளியே வந்தபோது கையில் மருந்துச் சீட்டு, கண் இரண்டும் சிவப்பு. வலித்ததா, பயமா, இல்லை நிம்மதியா? கேட்கலாமா, கூடாதா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பதினஞ்சு நாளுக்கு ஒருதரம் வரச் சொல்றாங்க" என்றார். "வர்றேன்னுட்டேன்."