மாடியில் மணப்பெண், வாசலில் மோடம்

ரவுட்டரும் ஸ்விட்சும் மாட்டிப் பிழைக்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: இணைப்பு ஓடும்வரை அவன் பெயர் யாருக்கும் நினைவிருக்காது, நின்ற நொடியில் தெருவுக்கே தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. காரைக்காலில் பிராட்பேண்ட் வந்த புதிதில், ஒரே ஒரு கல்யாண வீட்டில் நான் பட்ட பாட்டை மட்டும் கேளுங்கள்.

சுவர்

ஜமால் பாயின் வீடு பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டியது. அவருடைய அண்ணன் சவுதியில், தம்மாமில் வேலையில் இருந்தார். அந்த அண்ணனின் மகள் ஷமீமாவுக்கு நிக்காஹ். தகப்பனாருக்கு லீவு கிடைக்கவில்லை. வெப்கேமிலாவது பார்க்கட்டும் என்று முடிவு செய்தார்கள். கீழே கூடத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு கணினியும் கேமராவும், மாடியில் பெண்கள் பக்கம் மணப்பெண்ணுக்கு இன்னொன்று. மோடம் இருந்ததோ வாசல் அறையில். அதில் ஒயர் செருக ஒரே ஒரு துளை.

வயர்லெஸ் ரவுட்டர் வாங்கி மாட்டினேன். கூடத்தில் சிக்னல் முழுசாக நின்றது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, மேல்படியில் ஒன்றுமே இல்லை. ரவுட்டரை ஜன்னலில் வைத்தேன், அலமாரி மேல் வைத்தேன், ஸ்டூல் போட்டு உயர்த்தினேன். அந்தச் சுண்ணாம்புச் சுவர் எதற்கும் மசியவில்லை. ஜமால் பாய் சுவரைத் தட்டிப் பெருமையோடு சொன்னார்: "பொயலே உள்ள வந்ததில்ல தம்பி, ஒங்க சிக்னலு எப்புடி வரும்?"

மாடிக்கு ஒயர்

வேறு வழியில்லை, ஒயர்தான். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை வெளிச்சுவரோடு ஏற்றி மாடி அறைக்குள் இறக்கினேன். அங்கே ஒரு ஸ்விட்ச் வைத்தேன். ஒரு ஒயரில் வரும் இணைப்பைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. ஒரு ஒயர் மணப்பெண்ணின் கணினிக்கு. பாரிஸில் இருக்கும் மாமிக்காக இன்னொரு கணினி வரும் என்றார்கள். அதற்கென ஒரு மஞ்சள் ஒயரைச் செருகி வைத்தேன். கணினி வரவில்லை, ஒயரின் மறுமுனை சும்மா தொங்கியது.

ஷமீமாவின் பெரியம்மா கூடவே நின்று என்னைக் கண்காணித்தார். நான் தொட்ட இடத்தையெல்லாம் பின்னாலேயே துடைத்தார். வேலை முடிந்ததும் கண்டிப்பாகச் சொன்னார்: "நாளைக்கு ஆம்பளைங்க யாரும் மாடிக்கு வரக்கூடாது தம்பி. கெட்டுப்போறதா இருந்தா இப்பவே கெட்டுப்போவச் சொல்லுங்க."

சம்மதம்

மறுநாள் காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார், நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத்தும் வந்தார். படம் அப்படியே உறைந்து நின்றது. உடனே தம்மாமிலிருந்து எனக்குப் போன்: "தம்பி, ஒண்ணும் தெரியலையே!" ரவுட்டரை அணைத்துப் போட்டேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். பயனில்லை. மாடிக்குப் போகும் ஒயரை உருவிப் பார்த்தேன். கூடத்துப் படம் பளிச்சென்று வந்துவிட்டது. கோளாறு மாடியில். நான் போக முடியாத இடத்தில்.

"மாப்பிள்ளை தெரியிறாருல்ல, போதும்" என்றார் ஜமால் பாய். ஹஜ்ரத் இன்னொரு நிக்காஹுக்கு நாகூர் போக வேண்டியிருந்தது. மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்க, நிக்காஹில் அவள் சார்பில் பேசும் வக்கீலும் சாட்சிகளும் மாடி வாசல்வரை போனார்கள். போன வேகத்தில் இறங்கி வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். ஒரு பெண்ணின் கல்யாணம் நான் இழுத்த ஒயரில் நிற்கிறது என்று நினைத்தாலே பயமாக இருந்தது. வக்கீல், அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "வாப்பா என்னையப் பாக்கணும். அதுவரைக்கும் சம்மதம் சொல்ல மாட்டேன்."

படிக்கட்டு

மாடி ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு, படிக்கட்டின் பாதியில் சுவரைப் பார்த்தபடி நின்றேன். "பெரியம்மா, அந்தப் பொட்டியில வெளக்கு எப்படி எரியுதுங்க?" என்று கத்தினேன்.

"நல்லாத்தான் எரியுது. எல்லாம் ஒண்ணா படபடன்னு மினுக்குது."

ஒரு துளையில் வெளியே போவது இன்னொரு துளை வழியாக உள்ளேயே திரும்பி, ஓயாமல் சுற்றினால்தான் அப்படி மினுக்கும். அப்போது வேறெதற்கும் வழி இருக்காது. "ஒரே ஒயரோட ரெண்டு முனையும் அதுலயே இருக்கான்னு பாருங்க" என்றேன். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. சட்டென்று ஓர் இளங்குரல் குறுக்கிட்டது. ஷமீமாதான். "நான் பாக்குறேன் அண்ணே, சொல்லுங்க."

"கல்யாணப் பொண்ணு சத்தம் போடலாமா!" என்று பெரியம்மா பதறினார். அதற்குள் வளையல் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு ஒயரா கையால தடவிக்கிட்டே போங்கம்மா."

"மஞ்ச ஒயரு அண்ணே. ரெண்டு முனையும் இதுலதான் இருக்கு."

"ஒண்ணப் புடுங்குங்க!"

"அய்யோ, அது அசிங்கமா தொங்குச்சேன்னு கொஞ்ச முந்தி நான்தான் காலி ஓட்டையில சொருவி வச்சேன்" என்றார் பெரியம்மா. கோபப்படக்கூட எனக்கு மூச்சு இல்லை. மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. படம் வந்ததா என்று பார்க்க ஒரு படி ஏறி, பெரியம்மாவின் கண்டிப்பு நினைவு வந்து திரும்ப இறங்கினேன். கடைசியில் தம்மாமிலிருந்து உடைந்த குரல் ஒன்று படிக்கட்டில் இறங்கி வந்தது: "என்னம்மா, பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு மடியில ஒயரும் பொட்டியுமா என்னத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்கே?"

சம்மதமும் வந்தது, எனக்குப் பிரியாணியும் வந்தது. அதிலிருந்து எந்த வீட்டில் நெட் விழுந்தாலும், அந்த வீட்டில் துடைத்து ஒழுங்கு பண்ணுகிறவர் யார் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.