மோரில் கலந்த சூரணம்

அன்று காலை எங்கள் கோழிப்பண்ணையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, எருமப்பட்டியிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன். என் முன்னால் ஒரு டம்ளர் மோர். அதில் ஒரு கரண்டி மூலிகைச் சூரணம் கலந்திருந்தது.

எனக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். சேலத்து டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தினமும் போடுகிறேன். நோய் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் ரத்தப் பரிசோதனை நெருங்கினால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த பரிசோதனை அந்த வாரம். நான் பயப்படுவதைப் பார்த்துத்தான் மச்சான் சூரணம் வாங்கி வந்திருந்தார்.

“குடிங்க மாப்ள. வேரு, இலை, பட்டை. இதுல என்ன கெடுதல்? கோழிக்கு நீங்க ஊத்தற ஈரல் டானிக்கும் பச்சிலைதானுங்க. ஒரு கோழியாச்சும் செத்துச்சா?”

“கோழி ஒண்ணரை வருசத்துல கறிக்குப் போயிருதுங்க மச்சான். நான் அதுக்கு மேல இருக்கோணும்.”

மனைவி சிரிக்கவில்லை. “அண்ணன் அலைஞ்சு வாங்கியாந்திருக்குது. ஒரு வாய் குடிச்சுத்தான் பாருங்களே.”

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏழாவதோடு நின்றவன் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ‘அரிய மூலிகைகள்’ என்று இருந்தது. என்னென்ன மூலிகை என்று ஒரு வரிகூட இல்லை. குடித்தால் ஏதாவது ஆகிவிடுமோ? குடிக்காமல் விட்டு, நல்லதைத் தவற விடுகிறேனோ? டம்ளரை எடுத்தேன்.

அன்று கோழிகளுக்குத் தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாள். விடிந்ததிலிருந்து தண்ணீர் காட்டாமல் தாகத்தில் வைத்திருந்தோம். மருந்து கலந்த டிரம் தயாராக இருந்தது. சும்மா இருக்க மாட்டாத மச்சான், ஈரல் டானிக் கேனைத் திறந்து டிரம்மின் மேல் சாய்த்தார்.

“அண்ணா, ஊத்தாதீங்க.” மனைவி ஓடிப்போய்க் கேனைப் பிடித்தாள். “அது மருந்துத் தண்ணி. வேற எது சேந்தாலும் மருந்து கெட்டுப் போயிருமுங்க.”

சொன்னவளின் பார்வை என் டம்ளர் மேல் விழுந்தது. பிறகு வந்து என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. உங்க மாத்திரையோட இது சேரலாமான்னு கேளுங்க.”

விவரம் சொன்னதும் ஆஸ்பத்திரி நர்ஸம்மா முதலில் கேட்டது, “குடிச்சிட்டீங்களா?” என்றுதான். இல்லை என்றேன். “நல்லதுண்ணா. சில மூலிகை உங்க மாத்திரையோட வேலையைக் குறைச்சிரும். சிலது ரத்தத்துல மாத்திரையோட அளவை ஏத்திரும். ஈரலும் கெடலாம். மாத்திரையை நிறுத்தாதீங்க. டப்பாவை எடுத்துட்டு வாங்க, டாக்டர் பாக்கட்டும்.”

மனைவி மோரைத் தென்னை மரத்தடியில் கொட்டினாள். மச்சான் சூரணம் விற்றவரைப் போனில் கூப்பிட்டார். திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டாராம். மச்சான் கொடுத்திருந்தது பாதிப் பணம்தான். நான் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், அவர் கொடுக்க வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.