பட்டை உரித்த ஆரஞ்சு மரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையை, அதாவது கிராணியை, இன்றைக்கும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. மரியாதையால் அல்ல, கை பழகிவிட்டது.

எழுபதுகளின் நடுவில் மலேசியாவின் கேமரன் மலையில், அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். கிராணி வீடும் என் வீடும் ஒரே மேட்டில், இடையில் ஒரு முள்கம்பி வேலி. மேட்டுக்குக் கீழே தொழிலாளர் குடியிருந்த லயம். எந்தப் பெண் எந்தச் சரிவில் கொழுந்து எடுக்க வேண்டும் என்று காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று சொல்வது அவர் வேலை. அதைச் சொல்ல ஒரு தொப்பி, சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றில் ஒன்றுதான் எழுதும்.

அவர் வீட்டுப் பின்புறம், லயத்துக்குப் போகும் பாதையை ஒட்டி ஓர் ஆரஞ்சு மரம் நின்றது. எப்போதோ இருந்த ஒரு துரையின் மனைவி நட்டதாம். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் கூடையை இறக்கி வைத்து அதன் நிழலில் கொஞ்ச நேரம் உட்காருவார்கள். கைக்கு எட்டிய பழத்தைப் பறிப்பார்கள். வாயில் வைத்தால் முகம் கோணும் புளிப்பு. அதுகூடக் கிராணிக்குப் பொறுக்கவில்லை. மரத்தை வெட்டிவிடலாமா என்று அப்போதைய தோட்ட மேலாளரான துரையிடம் கேட்டார். துரை கூடாது என்றுவிட்டார்.

மரம் பூத்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட வெளியே வந்தேன். கிராணி மரத்தடியில் குந்தியிருந்தார். கவாத்துக் கத்தியால் தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்து, வெள்ளைக் கட்டை தெரியும்வரை சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பூச்சி லா, வாத்தியாரே," என்றார் நான் கேட்காமலே. "மருந்து வைக்கப் போறேன்."

பூச்சியும் இல்லை, மருந்தும் இல்லை. உரித்த இடத்தில் சேற்றைப் பூசி, மேலே ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டினார்.

ஒரு மாதம் கழித்து என் வாசலுக்கு வந்தார்.

"நீங்க சைன்ஸ் படிச்சவரு. பட்டய சுத்திலும் உரிச்சா மரம் வாடணும்தானே? எல ஒண்ணுகூட உதிரல. தண்ணி எப்படி மேல போவுது?"

"மருந்து வைக்கிறதாச் சொன்னீங்க."

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

நான் சொல்லிக்கொடுத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் சொல்லிக்கொடுத்தேன். வேர் உறிஞ்சும் தண்ணீர் பட்டை வழியாக ஏறுவதில்லை; உள்ளே கட்டையில் மயிரிழை போன்ற குழாய்கள் இருக்கின்றன, இலைகள் ஈரத்தை வெளியே விட விட அவற்றின் வழியாகத் தண்ணீர் மேலே இழுக்கப்படுகிறது. இலை வெயிலில் தயாரிக்கும் சர்க்கரைதான் பட்டையின் உட்புறமாக வேருக்கு இறங்குகிறது. பட்டை போனால் இலைக்குத் தாகம் வராது, வேருக்குச் சாப்பாடு நின்றுபோகும். சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்று வேர் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அதுவும் தீர்ந்தால் வேர் சாகும், பிறகுதான் மரம் வாடும்.

"எத்தன நாளு ஆவும்?"

"ஒரு வருஷம். கூடவும் ஆகலாம்."

"அவ்வளவு நாளா!" என்று சலித்துக்கொண்டு போனார். திருட்டுத்தனமாகக் கொல்வதற்குக்கூடப் பொறுமை இல்லாத மனிதர்.

பிறகு நடந்ததை அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கீழே இறங்க வழியில்லாத சர்க்கரை எல்லாம் கிளைகளிலேயே தங்கிவிட்டது. பிஞ்சுகள் உதிராமல் நின்றன. பழங்கள் முன்னைவிடப் பெரிதாக, நம்ப முடியாத இனிப்பாகப் பழுத்தன. பெண்களின் கை எட்டாதபடி கிராணி பாதைப் பக்க வேலியில் இன்னும் இரண்டு வரி முள்கம்பி இழுத்தார். பக்கத்துப் பட்டணமான பிரிஞ்சாங்கில் நடந்த ஒரு காய்கனிப் போட்டிக்குக் கூடை நிறையப் பழம் கொண்டுபோனார். முதல் பரிசாக ஒரு கோப்பை கொடுத்தார்கள்.

"என்ன ஒரம் போட்டீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆட்டெருதான். அப்புறம் கைராசி," என்றார் வெட்கமே இல்லாமல்.

நானும் அங்கே இருந்தேன். கைதட்டினேன்.

அடுத்த வருஷம் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. இப்போது அவருக்கு மரம் உயிரோடு வேண்டும், அடுத்த கோப்பைக்கு. "ஏதாச்சும் செய்ய முடியுமா?" என்று என்னிடமே வந்தார். முடியாது என்றேன். சில வாரங்களில் மரம் விறகாக நின்றது.

செத்த மரத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. நிழலில் வழக்கமாக உட்காரும் ஒரு விதவை அம்மாவைப் பிடித்தார். கிராணிக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அம்மாதான். வேரில் சுடுதண்ணீர் ஊற்றினாள் என்று பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லி, தோட்டத்திலேயே செங்குத்தான கடைசிச் சரிவுக்கு அனுப்பினார். முழங்கால் வலியோடு அந்த அம்மா தினமும் ஏறினார். எனக்கு உண்மை தெரியும். என் வீடு தோட்டத்து வீடு, கூரை ஒழுகினால் கிராணியிடம்தான் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பரிசு வாங்கிய மரம் செத்ததைக் கேள்விப்பட்டு ஒருநாள் துரை பார்க்க வந்தார். கிராணி அதே கதையைச் சொன்னார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"நான் ஏங்கய்யா ஊத்தறேன்? ஒக்கார்றதுக்கு இருந்த ஒரே நெழலு அதுதானே."

அதற்கு மேல் என்னால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வேலியைத் தாண்டிப் போய், மக்கிப்போன சாக்கை இழுத்தேன். பட்டையில்லாத கட்டை வளையமாகத் தெரிந்தது. அதற்கு மேலே பட்டை, இறங்க முடியாத சாப்பாட்டால் உதடு போல வீங்கியிருந்தது.

"சியாப்பா பூவாட்?" என்று துரை மலாயில் கேட்டார், யார் செய்தது என்று.

"எலி, தொர," என்றார் கிராணி.

கத்தி பிடித்து நேர்கோட்டில் வெட்டும் எலி. துரை சிரித்துவிட்டார். அந்த அம்மாவைப் பழைய சரிவுக்கே அனுப்பச் சொன்னார். கிராணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் வேறொரு தோட்டத்துக்குப் பெரிய கிராணியாக உயர்த்தி அனுப்பினார்கள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு லோரியின் முன்சீட்டில் ஏறிப் போனார்.

துரை வந்துபோன அன்று சாயங்காலம் அந்த அம்மா என் வாசல் வழியாகப் போனார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து நான் எழுந்து நின்றேன்.

"மூணு மாசம் ஏறி எறங்குனேன், வாத்தியாரே. மொத நாளே அந்தச் சாக்க அவுத்திருக்கலாம் லா," என்றார்.

பதிலுக்கு நிற்காமல் லயத்துக்கு இறங்கிப் போனார்.