தூளியைப் பின்கட்டுக்கு அனுப்பிய டைம்டேபிள்

அந்தக் கோடை விடுமுறைக்கு நான் போட்ட டைம்டேபிளைப் பார்த்தால் யாருக்கும் என்மேல் ஒரு மரியாதை வந்துவிடும். காலையில் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம். மத்தியானம் வாசிப்பு. வெயில் தாழ்ந்ததும் கிழக்கேகோட்டை வரை நடை. ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு, ஏனென்றால் மனசும் உடம்பும் சமமாக இருக்க வேண்டும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்கள். எழுத்துக்குப் பச்சை, நடைக்கு மஞ்சள், ஓய்வுக்கு ரோஸ். இதற்கென்றே சாலைக் கடைத்தெருவுக்குப் போய்க் கலர் பேனா வாங்கி வந்தேன். காலேஜ் திறக்கிற அன்று அத்தியாயம் கையில் இல்லாவிட்டால் வேறு கைடைத் தேடிக்கொள் என்று என் கைடு சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சிரித்தால்தான் பயம்.

டைம்டேபிளை அம்மாவிடம் காட்டினேன் பாருங்கள், அங்கேதான் வினை ஆரம்பம். வலியசாலையில் எங்கள் தெரு வீடுகளெல்லாம் ஒட்டினாற்போல் நிற்பவை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கேயிருந்து 'நூறு' என்று வாழ்த்து வரும். அம்மா அன்றைக்கே வாசல் வாசலாகச் சொல்லிவிட்டாள். "காலம்பற அவ எழுதுவா. கொஞ்சம் சத்தம் இல்லாம பாத்துக்கோங்கோ, கேட்டேளா."

தெரு கேட்டுக்கொண்டது. எங்கள் ஜனங்களிடம் இது ஒரு கோளாறு. ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் எல்லா வீட்டிலும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். எதிர்வீட்டு மாமா டிவி செய்தியைச் சத்தமில்லாமல் வாயசைப்பை வைத்தே புரிந்துகொண்டார். காய்கறி வண்டிக்காரர் எங்கள் வாசலைத் தாண்டின பிறகுதான் கூவினார்.

நான் என்ன செய்தேன்? லேப்டாப்பைத் திறந்தேன். பச்சை சற்று அடர்த்தியாக இருப்பதாகப் பட்டது, டைம்டேபிளை மறுபடி வரைந்தேன். அலுத்துப்போய் மொபைலை எடுத்தேன். ஒரு ரீல்ஸ், அதற்கடுத்து இன்னொன்று. அன்றைய எழுத்தை நாளைக்குத் தள்ளி, நாளைய ஓய்வை இன்றைக்கு இழுத்து, புதிதாக ஒரு டைம்டேபிள். திட்டம் மட்டும் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்தது. வெளியே பார்ப்பவர்கள் கேட்டால், "நடந்துண்டிருக்கு" என்பேன்.

பக்கத்து வீட்டு மாமியின் மகள் பிரசவத்துக்கு வந்து, ஆண் குழந்தை பிறந்திருந்தது. அக்கா முறைக்கு அவளை நான் சேச்சி என்று கூப்பிடுவேன். சுவருக்கு அப்பால் குழந்தை இருக்கிற சுவடே தெரியவில்லை. "சமத்துக் குழந்தை" என்று அம்மாவிடம் பாராட்டிக்கூடப் பேசினேன்.

ஒரு மத்தியானம் அம்மா மாங்காய் கொடுத்தனுப்பினாள். மாமி வீட்டு முன்னறையில் தூளி இல்லை, கொக்கி வெறுமனே இருந்தது. பின்கட்டுக்குப் போனேன். அடுப்படியை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் கம்பியில் தூளி. சேச்சி மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தையின் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு.

"இங்கே எதுக்கு சேச்சி கட்டினேள்? முன்னாடி காத்து வருமே."

சேச்சி மாமியைப் பார்த்தாள்.

"முன்னறை உன் ரூமை ஒட்டினதில்லையோ, மோளே," என்றாள் மாமி. "இவன் தொண்டையைத் திறந்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். நீ எழுதி முடி. வேர்க்குருதானே, பவுடர் போட்டாப் போயிடும். சாரமில்லே, பரவாயில்லே. ஆமா, எத்தனை பக்கம் ஆச்சு?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. குழந்தை தலையைத் திருப்பிக் கழுத்தைத் துணியில் தேய்த்துக்கொண்டது.

"ஒரு பக்கம்கூட எழுதலை மாமி."

மாமி மாங்காயை வாங்கி வைத்தாள். சேச்சிதான் பேசினாள். "எனக்குத் தெரியும்டி."

"எப்படி?"

"சுவத்துக்கு அந்தண்டை நீ சிரிக்கறது கேக்கறதே! வந்த பாட்டே திரும்பத் திரும்ப வரது. போதும்மா, தூளியை முன்னாடி கட்டலாம்னு அப்பவே சொன்னேன். யாரு கேக்கறா?"

"நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள் மாமி. "இப்பல்லாம் ஆராய்ச்சி போன்லதானே நடக்கறது. சிரிப்பும் அதுல ஒரு பாகமா இருக்கும்னு நெனச்சேன்."

அதில் துளிக் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் பிழைத்திருப்பேன். நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தைக் கற்றதே மனுஷர்கள் வாயிலிருந்து வருவதை எழுதிவைக்கும் ஆசையில்தான். எங்கே நல்ல வாக்கு விழுந்தாலும் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்காமல் இருக்க மாட்டேன். மாமி சொன்ன இதை மட்டும் ரொம்ப காலம் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை.

தூளியை நானே அவிழ்த்தேன். முன்னறையில் ஸ்டூல் போட்டு ஏறிக் கொக்கியில் மாட்டும்போது கை வழுக்கியது. கீழே குழந்தையோடு நின்ற சேச்சி, "இதையாவது இன்னிக்கே முடிச்சுடு" என்றாள். சிரிக்க முயன்றேன், முகம் ஒத்துழைக்கவில்லை.

மறுநாள் காலை, லேப்டாப் முன் உட்கார்ந்த சற்று நேரத்தில் அவன் ஆரம்பித்தான். மாமி சொன்னது பொய்யில்லை, அப்படியொரு தொண்டை. நடுவில் மாமியின் கிசுகிசுப்பு கேட்டது. "மெதுவாடா கண்ணா, அக்கா எழு..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அழட்டும் மாமி!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

காது மடலெல்லாம் சுட்டது. முதல் வரியை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். எழுதியது சுமார்தான். அவன் அழுது ஓய்கிற வரையாவது எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.