ஒரு சாண்கூட விடாதவர்

காலை பத்து இருபது. கிளினிக் பெஞ்சின் ஆளுக்கொரு முனையில் இரண்டு பெண்கள். நடுவில் ஒரு ஸ்கேன் உறை. திருவாலங்காட்டிலிருந்து ஒரே ஆட்டோவில் வந்தவர்கள்.

மூத்தவருக்குக் கணையத்தில் புற்றுநோய். இளையவர் அவருடைய ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. கரும்பு நிலத்து வரப்பு வழக்கால் இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

முந்தைய வாரம் மூத்தவர் மகனோடு வந்திருந்தார். நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, கடைசிக் காலச் சிகிச்சை பற்றி நோயாளிகள் சொல்வதை அந்தக் கிளினிக்கில் எழுதிக் கொடுத்துவந்தேன். மூத்தவர் கேட்டது ஒன்றுதான்: குழாயும் மெஷினும் இல்லாமல், தன் வீட்டில், தன் கட்டிலில் சாக வேண்டும்.

"உங்களால பேச முடியாம போனா, உங்களுக்காக யார் பேசணும்?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான்" என்றார் மகன்.

"நீ அழுவ, நைனா. அழுதுகினே ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவ. என் ஓரகத்தி பேர எழுதிக்கோங்க சார்."

"மூஞ்சிகூட பாத்துக்க மாட்டீங்களேம்மா!"

"ஆங். வரப்புல பொக்லைன் முன்னாடி நின்னாளே, மறந்துட்டியா? ஒரு சாண் வுட்டாளா? அந்த மாதிரி ஆளுதான் வோணும்."

ஆக, இன்று ஓரகத்தி வந்திருந்தார். அவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"சண்ட போட்டது போதலயா? சாவறதுக்கும் நான்தான் காவலா?"

"வேற எவளுக்குடி அவ்ளோ கொழுப்பு?"

நான் எழுதியதை ஓரகத்தி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். பாதியில் கை காட்டினார்.

"'கூடுமானவரை வீட்டிலேயே'ன்னு கீதே, அந்த 'கூடுமானவரை'ய அடிங்க. அப்புறம் கூடலன்னு சொல்லிடுவானுங்க."

முப்பது வருடம் பிரதி திருத்திய எனக்கு அது கண்ணில் படவில்லை. அடித்தேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் மூத்தவர் கையெழுத்திட்டார். கடைசியில் ஓரகத்தியும் போட்டார். பிறகே காகிதம் நோட்டரியிடம் போனது.

நான்கு மாதம் கழித்து, ஒரு காலையில் நர்ஸோடு மூத்தவர் வீட்டுக்குப் போனேன். அவருக்குப் பேச்சு நின்று இரண்டு நாள். வலி மருந்தால் முகம் சுருங்காமல் இருந்தது. எட்டே முக்காலுக்கு, தாயைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மகன் ஆம்புலன்ஸோடு வந்தார்.

ஓரகத்தி நிலைப்படியில் நின்று இரண்டு கையையும் சட்டத்தில் ஊன்றிக்கொண்டார்.

"சித்தி, நவுரு."

"நவுர மாட்டேன்."

"அது எங்க அம்மா!"

"உங்கம்மாதான் என்ன இங்க நிறுத்திக்கிறா. இந்தா, படி. சத்தமா படி, அவளுக்கும் கேக்கட்டும்."

இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். மகன் வாசித்தார். அடித்த சொல் வந்த இடத்தில் நிறுத்தினார். தாயின் கையெழுத்தைப் பார்த்தார். மீதியையும் வாசித்து முடித்துப் படியில் உட்கார்ந்து அழுதார். கட்டிலில் இருந்தவர் சிரித்தார் என்று நர்ஸ் பிறகு சொன்னார். நான் பார்த்தது, வாயோரம் அசைந்ததை.

ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஓரகத்தி காபி கொடுத்தார். ஒன்பது இருபத்தைந்துக்கு வண்டி காலியாகத் திரும்பியது. மகன் உள்ளே போய்த் தாயின் கால்மாட்டில் உட்கார்ந்தார். ஓரகத்தி அப்போதும் வாசலைவிட்டு அசையவில்லை.

ஐந்தாம் நாள் காலை, தன் கட்டிலில், மூத்தவர் இறந்தார். வரப்பு வழக்கு இன்னும் நடக்கிறது.