ஒரே பெட்டியில் மாட்டிய கல்யாணங்கள்

திருப்பதியில் கல்யாணத்துக்குப் பஞ்சமில்லை. என் கணவர் வீடியோ எடுப்பார். அதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து டிவிடியாக்குவது என் வேலை. அலிபிரிக்குப் போகும் சாலையில் எங்கள் கடை. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர்கள். முடிந்த கல்யாணங்களைப் போட்டு வைக்க மூன்று வெளி டிஸ்க்குகள். ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிய டிஸ்க்கைக் கழற்றி மற்றதில் மாட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

அமெரிக்காவில் வேலைக்குப் போயிருந்த என் தம்பி, லீவில் வந்தபோது கையடக்கமான ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். போன் லைனில் இன்டர்நெட் வரும் மோடத்தோடு அதை ஒரு ஒயரால் இணைத்து, மூன்று டிஸ்க்கையும் அதிலேயே மாட்டினான். இரண்டு கம்ப்யூட்டரிலும் எல்லாக் கல்யாணங்களும் தெரிந்தன.

"இனிமே டிஸ்க்க கழட்டிக்கினு அல்லாட வேணாம்க்கா. நேரா நெட்வொர்க்லயே கீது. ஒக்காந்த எடத்துலயே வேலைய பாரு."

அவன் திரும்பிப் போன பிறகு, அந்தப் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தால் வீட்டு ஆள் ஒருவர் கடையில் இருப்பது போலிருக்கும்.

ஐப்பசி மழைக் காலத்தில் ஒரு போன் வந்தது. வெதுருகுப்பத்திலிருந்து ஒரு விவசாயி. முந்தின வருடம் அவர் மகள் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். கல்யாணமாகி பெங்களூருக்குக் குடிபோன அந்தப் பெண், அங்கே டெங்கு வந்து இறந்துவிட்டாள் என்றார்.

"டிவிடி மாப்ள வீட்ல இருந்திச்சும்மா. வீடு மாறும்போது எங்கியோ பூடுச்சின்றாங்க. உங்ககிட்ட எதனா கீதா?"

உட்கார்ந்த இடத்திலேயே தேடினேன். இருந்தது.

"கீதுங்க. வாங்க, போட்டுத் தரேன்."

"வேர்க்கல்ல புடுங்கிக்கினு கீறோம். வெள்ளிக்கெழம வரேம்மா."

அவர் போனை வைத்ததும் அந்தக் கல்யாணத்தை ஓட்டிப் பார்த்தேன். பந்தியில் இலை முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். கேமராவைத் தாண்டி அப்பாவைப் பார்த்துக் கூப்பிடுகிறாள்: "நைனா, நீ இன்னும் துன்னலயா? வா, இங்க ஒக்காரு." இந்த இடத்தைத் தனியாக வெட்டியும் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். டிவிடி எழுதும் கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. மறுநாள் வந்துவிடும் என்றிருந்தார்கள்.

அன்று மத்தியானமே மழை பிடித்தது. மலையே பிளந்தது போல ஓர் இடி. மேஜை மேல் பட்டென்று ஒரு சத்தம், தீய்ந்த நாற்றம். மோடம் கருகியிருந்தது. பச்சை விளக்கு அணைந்திருந்தது. கம்ப்யூட்டர்கள் எப்படியோ தப்பின. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நேரடியாக மாட்டினோம். இரண்டு அசையவே இல்லை. மூன்றாவது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு நின்றது.

என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கரண்டுக்குத்தான யுபிஎஸ் வெச்சோம். போன் ஒயர்ல வரும்னு யார் கண்டது?"

அந்தப் பெரியவர் பேசியது ஊர் போன் பூத்திலிருந்து. அதற்கு மேல் அவரை எட்ட வழியில்லை. வெள்ளிக்கிழமை அவரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்து வீட்டில் டிவிடி பிளேயர் கேட்டு வாங்கி வைத்துவிட்டு மனைவி காத்திருப்பதாகச் சொன்னார். என் கணவர்தான் நடந்ததைச் சொன்னார். பெரியவருக்குப் புரியவில்லை.

"போன்ல கீதுன்னியேம்மா."

"இருந்துச்சுங்க. நானே பாத்தேன்."

"இன்னொரு தபா பாரேன்."

டிஸ்க்கை மறுபடியும் மாட்டினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை.

"பாத்தன்னியே, பேசிச்சா அது?"

பார்த்ததைச் சொன்னேன். மகள் கூப்பிட்டதை அவள் சொன்னது போலவே சொல்ல முயன்றேன். என் குரலில் அது வேறு என்னவோ போலக் கேட்டது.

"நான் போய் ஒக்காந்தனா?"

"ஒக்காந்தீங்க. ஒங்க சட்டக் கை மட்டும் பக்கத்துல தெரிஞ்சிச்சு."

"எனுக்கு நெனப்பே இல்லம்மா" என்றார்.

கெட்ட டிஸ்க்கில் இருப்பதை மீட்டுத் தருகிறவர்களிடம், சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனோம். ஒன்றிலிருந்து சில கல்யாணங்கள் மீண்டன. அந்தப் பெண்ணுடையது இல்லை. அதைச் சொல்ல என் கணவர் வெதுருகுப்பத்துக்கே போனார். அவர்கள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லையாம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். திட்டியிருக்கலாம் என்றார்.

தம்பி வேறு பெட்டி வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். பழைய கல்யாணங்களைக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த முகூர்த்த சீசனில் நாங்கள் கல்யாணம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் கணவர் சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்தார். நான் கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போகிறவர்கள். நிமிர்ந்து உட்காருங்கள், இங்கே பாருங்கள் என்பதற்கு மேல் யாரிடமும் பேச எனக்கு மனம் வரவில்லை.